கண் நல்லாத்தான் இருக்கு

“கண் நல்லாத்தான் இருக்கு” என்றுதான் முதல் நாள் சொன்னார்கள்.

என் அத்தை மகன் இரவு ஷிப்ட் முடித்து மோட்டாரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். மழை விட்டு ஈரம் காயாத சாலை. வளைவில் சறுக்கி இரும்புத் தடுப்பில் போய் மோதினான். ஹெல்மெட் போட்டிருந்ததால் மண்டை தப்பியது. இடது புருவத்துக்கு மேலே நான்கு தையல், வீங்கி மூடிக்கொண்ட இமை, அவ்வளவுதான் வெளியே தெரிந்த சேதம். ஸ்கேனில் மூளைக்குள் இரத்தம் இல்லை என்றதும் அத்தை முருகனுக்கு ஏதேதோ வேண்டிக்கொண்டார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. கண்ணைத் திறந்தவன், “ம்மா, இந்தப் பக்கம் லைட்டு போடலயா?” என்று கேட்டான்.

கண் மருத்துவர் வந்தார். கருவியால் உள்ளே பார்த்தார். விழித்திரை சரி, லென்ஸ் சரி, கண் அழுத்தம் சரி. கண் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. பார்வைதான் இல்லை. பார்வை நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “திரும்ப வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க டாக்டர்.” அதற்கு அவர் சொன்னது: “பொறுத்துப் பார்ப்போம்மா.”

எனக்குக் கோபம் வந்தது. நான் பொறியியல் படித்தவன். எண்ணெய்க் குழாய்களின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா, இருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்வதுதான் என் வேலை. ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று அறிக்கை எழுதினால் என் மேலாளர் காகிதத்தை முகத்தில் எறிவார். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நரம்பைப் பற்றி இந்தக் காலத்தில் ஒன்றும் சொல்ல முடியாதா? அந்தக் கோபத்தில்தான் இதைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். அத்தையின் கேள்வி ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் பழையது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களில் ஒன்று கணிப்புகளின் தொகுப்பு. கோஸ் தீவின் பெயரால் அழைக்கப்படுவது. புருவத்திலோ அதற்குச் சற்று மேலேயோ காயம் பட்டவர்களுக்குப் பார்வை மங்கும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. காயம் புதிதாக இருக்கும்போது பார்வை ஓரளவு இருக்கும், தழும்பு பழசாக ஆக மங்கிக்கொண்டே போகும் என்றும் அது சொல்கிறது. முதலில் வாசித்தபோது எனக்குச் சிலிர்த்தது. புருவத்துக்குச் சற்று மேலே! என் அத்தை மகனின் நான்கு தையலும் அங்கேதான் இருந்தன.

அந்தக் கால கிரேக்க மருத்துவனுக்கு நோயைத் தீர்ப்பதைவிட அது எப்படி முடியும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் பெரிய திறமை. சாகப்போகிறவன் யார் என்று சரியாகச் சொல்லிவிட்டால் பழி தன் மேல் விழாது. பிறகு வந்த மருத்துவம் இந்த மனநிலையைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தது. இந்த ஒரு காயத்தில் மட்டும் நாம் சுற்றிச் சுற்றி மீண்டும் கோஸ் தீவிலேயே வந்து நிற்கிறோம் என்று எனக்குப் படுகிறது. இன்றும் நம்மால் ஓரளவு நம்பிச் செய்ய முடிவது கணிப்பு மட்டும்தான்.

19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, மருத்துவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த நோய்க்குப் பெயர் ‘அமரோசிஸ்’. தமிழில் ‘தெரிதல்’ இரண்டு பொருளிலும் வருவதால் இந்த நகைச்சுவை ஜெர்மனைவிட நம் மொழியில்தான் நன்றாகப் பொருந்துகிறது. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை உருவாக்கினார். உயிரோடு இருக்கும் மனிதனின் விழித்திரையை முதல்முறையாக மருத்துவர்கள் நேரடியாகப் பார்த்தார்கள். பத்திருபது ஆண்டுகளுக்குள் கண் மருத்துவம் வேறொன்றாக மாறிவிட்டது. ‘அமரோசிஸ்’ என்ற குப்பைக்கூடையில் கிடந்த நோய்கள் ஒவ்வொன்றாகத் தனிப் பெயர் பெற்று வெளியே வந்தன.

அடிபட்ட பார்வை நரம்பு மட்டும் அந்தக் கூடையிலேயே கிடந்தது. காரணம் நரம்பின் அமைப்பு. பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையின் தாயணுவும் விழித்திரையில் இருக்கிறது. இழை அங்கிருந்து கிளம்பிக் கண்ணின் பின்புறமாக வெளியேறி, கண்குழியைக் கடந்து, மண்டை எலும்பில் உள்ள ஒரு குறுகிய சுரங்கத்துக்குள் நுழைந்து மூளைக்குப் போகிறது. கண்குழிக்குள் நரம்பு கொஞ்சம் தளர்வாகத் தொங்குகிறது. கண்ணை உருட்டும்போது இழுபடாமல் இருக்க அந்தத் தளர்வு வேண்டும். சுரங்கத்துக்குள் அப்படி இல்லை. அங்கே நரம்பின் உறை எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிபடும் இடம் பெரும்பாலும் இந்தச் சுரங்கம்தான். இழை அங்கே அறுந்தாலும் நசுங்கினாலும் அந்தச் சேதி பின்னோக்கி ஊர்ந்து விழித்திரையில் இருக்கும் தாயணுவை வந்தடைந்து, அது செத்து, கண்ணுக்குள் தெரியும் நரம்பின் முகம் வெளுக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை கருவி வழியாகப் பார்க்கிறவருக்கு எல்லாமே ரோஸ் நிறத்தில் ஆரோக்கியமாகத்தான் தெரியும். ‘கண் நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை.

சுரங்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் இறந்தவர்களிடமிருந்துதான் கண்டுபிடித்தார்கள். 1879இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் மருத்துவர், ஹோல்டர் என்பவரின் பிணப் பரிசோதனைகளை முன்வைத்து எழுதினார். மண்டையின் அடித்தளம் முறிந்து இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த முறிவு பார்வை நரம்பின் சுரங்கம் வழியாகப் போயிருந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு மருத்துவர்கள் ஒரே மாதிரி யோசித்தார்கள்: எலும்பு முறிகிறது, முறிந்த எலும்பு நரம்பைக் கிழிக்கிறது. எளிமையான விளக்கம், பாதி உண்மையும்கூட. எக்ஸ்ரே வந்து, பிறகு 1971இல் சிடி ஸ்கேன் வந்து, எலும்பு துல்லியமாகத் தெரிய ஆரம்பித்தபோது சிக்கல் வந்தது. பார்வை போன பலருக்குச் சுரங்கத்தில் முறிவே இல்லை. முறிவு இருந்த சிலருக்கோ பார்வை நன்றாக இருந்தது.

இடையில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட்டில் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்கத் தன் மோட்டாரைத் திருப்பி விழுந்தார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதற்குப் பிறகு மோட்டாரோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் ஹெல்மெட்டின் தேவை பற்றி எழுதினார். நம் நாட்டில் 1973இல் ஹெல்மெட் கட்டாயமானதன் பின்கதை அங்கேதான் தொடங்குகிறது. மலேசியச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் இன்னமும் மோட்டாரோட்டிகள்தான் என்பது வேறு கதை.

போர்க்காலத்தில் தலைக்காயத்தோடு உயிர்பிழைத்தவர்கள் குவிந்தார்கள். 1943இல் ஆல்ட்ரன் டர்னர் ‘பிரெயின்’ இதழில் பார்வை நரம்பின் ‘மறைமுகக் காயங்கள்’ பற்றி எழுதினார். மறைமுகம் என்றால், கத்தியோ குண்டோ நரம்பைத் தொடவில்லை, அடி விழுந்தது நெற்றியில், செத்தது உள்ளே இருக்கும் நரம்பு. இது எப்படி நடக்கிறது என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தமானது. காரணம், அதைத் தேடியவர்கள் ஒரு பொறியியல் ஆய்வுக்கூடத்து வித்தையைக் கையில் எடுத்தார்கள்.

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம். 1981இல் அங்கே கிராஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் மண்டையோட்டின் நெற்றியில் விசையைச் செலுத்தி, லேசர் ஒளியில் ஹோலோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் ஓர் இயற்பியலாளரும் உண்டு. விசை கொடுப்பதற்கு முன் ஒரு பதிவு, கொடுத்த பின் ஒரு பதிவு. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் எலும்பு எங்கே எவ்வளவு நெளிந்திருக்கிறதோ அங்கே கருப்பு வெள்ளை வரிகள் விழும். வரி நெருக்கமாக இருந்தால் நெளிவு அதிகம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஓர் அலுமினியத் தகட்டை விரலால் லேசாக அழுத்தி இதே வரிகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். எல்லோரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். அது ஒரு மண்டையோட்டின் மேல் விழும் என்று யாரும் யோசிக்கவில்லை.

எலும்பு முறியவே தேவையில்லை என்று அந்த வரிகள் காட்டின. நெற்றியில் கொடுத்த விசை கண்குழியின் கூரை வழியாகப் பின்னால் ஓடி, சுரங்கம் இருக்கும் பகுதியில் குவிகிறது. இயந்திரவியல் முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த விஷயம் இது: தகட்டில் ஓட்டை போட்டால் ஓட்டையின் விளிம்பில்தான் அழுத்தம் திரளும். இயற்கை நம் மண்டையில் போட்ட ஓட்டை அது. அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நரம்புக்கு நகர இடமில்லை. அடுத்த ஆண்டு, 1982இல், அதே ஐயோவாவிலிருந்து ஆண்டர்சன், பாஞ்சே, கிராஸ் மூவரும் நெற்றி அடியால் வரும் பார்வையிழப்பு பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையில் பிறகு வந்த எல்லோரும் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது. அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அந்தக் கட்டுரையில்தான் இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டார்ச் லைட்.

இந்தக் காயத்தைக் கண்டுபிடிக்க லேசரோ ஸ்கேனோ தேவையில்லை. ஒரு டார்ச் லைட் போதும். இருட்டான அறையில் ஒரு கண்ணில் வெளிச்சம் அடித்தால் இரண்டு கண்பாவைகளும் சேர்ந்தே சுருங்கும். (கண்ணுக்குள் தெரியும் குட்டி உருவத்தை வைத்து நாம் ‘பாவை’ என்கிறோம். லத்தீன்காரர்களும் அதே காரணத்துக்காகப் பொம்மை என்று பொருள்படும் சொல்லையே வைத்தார்கள்.) இப்போது டார்ச்சை நல்ல கண்ணிலிருந்து அடிபட்ட கண்ணுக்குச் சட்டென்று மாற்ற வேண்டும். அந்தக் கண்ணின் நரம்பு மூளைக்கு வெளிச்சத்தைச் சரியாகச் சொல்லாததால், வெளிச்சம் குறைந்துவிட்டதாக மூளை நினைத்துக்கொள்ளும். டார்ச் நேராக அடித்துக்கொண்டிருக்கும்போதே பாவை விரியும். முதல்முறை பார்க்கிறவருக்கு அது கொஞ்சம் அமானுஷ்யமாகத்தான் இருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்கஸ் கன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நரம்பு கெட்ட கண்ணில் வெளிச்சத்தை நிறுத்திப் பிடித்தால் சுருங்கிய பாவை மெல்ல மறுபடி விரிவதைக் கவனித்தார். டார்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடிக்கலாம் என்பது பால் லெவாட்டினின் யோசனை, 1959. இடையில் அரை நூற்றாண்டு. கையில் விளக்கு இருந்தது, கண் இருந்தது, விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அதை அளவீடாக மாற்றியவர் ஸ்டான்லி தாம்ப்சன். அவரும் ஐயோவாதான், அதுவும் அதே 1981. அந்த ஊரின் தண்ணீரில் ஏதோ இருந்திருக்க வேண்டும். நல்ல கண்ணின் முன்னால் வெளிச்சத்தைப் பாதியாக்கும் கண்ணாடியைப் பிடித்துவிட்டு டார்ச்சை மாற்றிப் பார். பாவை இன்னும் விரிகிறதா? கால்பங்காக்கும் கண்ணாடியைப் பிடி. எப்போது இரண்டு கண்ணும் சமமாகின்றனவோ, அந்தக் கண்ணாடியின் எண்தான் நரம்பு இழந்த அளவு. மடக்கை அளவில், 0.3 என்ற படிகளாக. வேலையில் டெசிபலோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது எவ்வளவு அழகான யோசனை என்று புரியும்.

இந்தச் சோதனைக்கு நோயாளியின் பதில் தேவையில்லை. மயக்கத்தில் கிடப்பவனிடமும், கையில் ஊசி குத்தி அலறும் குழந்தையிடமும் செய்யலாம். வீங்கிய இமையை இரண்டு விரலால் விலக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நரம்பும் ஒரே அளவு அடிபட்டிருந்தால் மட்டும் இது ஏமாற்றும். ஒப்பிட நல்ல கண் இருக்காது.

என் அத்தை மகனுக்கு முதல் நாள் யாரும் இதைச் செய்யவில்லை. உயிர் பிழைப்பானா என்று பார்க்கும் அவசரத்தில் இமையை விலக்க நேரமில்லை. நான் அதைக் குற்றமாகச் சொன்ன காலம் உண்டு. முதல் நாளே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று தேடிப்போனபோதுதான் அந்தக் கோபம் வலுவிழந்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஃபிராங்க் வால்ஷ் 1966இல் இந்தக் காயத்தை இரண்டாகப் பிரித்தார். அடிபட்ட கணத்திலேயே நிகழும் கிழிசல், நசுங்கல், இரத்தக்கசிவு முதல் வகை. அதன் பிறகு மணிக்கணக்கில் வரும் வீக்கம், இரத்த ஓட்டம் தடைபடுதல் இரண்டாம் வகை. முதலாவதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவதையாவது தடுக்கலாமே? இந்த ‘ஆவது’வில்தான் அடுத்த 40 ஆண்டு மருத்துவம் தொங்கிக்கொண்டிருந்தது. எலும்புச் சுரங்கத்துக்குள் நரம்பு வீங்கினால் போக இடமில்லை, ஆகவே சுரங்கத்தை உடைத்துவிடு என்றது ஒரு தரப்பு. ஜப்பானில் ஃபுகாடோ மூக்குப் பக்கமாகப் போய்ச் சுரங்கத்தைத் திறந்து, 400 பேருக்குச் செய்த அறுவையின் முடிவுகளை 1975இல் வெளியிட்டார். பெரும்பாலோருக்கு நன்மை என்றார். மற்றவர்கள் செய்தபோது அந்த வெற்றி கிடைக்கவில்லை. அறுவை செய்யாமல் விட்டிருந்தால் அந்த 400 பேரில் எத்தனை பேருக்குத் தானாகவே பார்வை திரும்பியிருக்கும்? ஒப்பிட ஆளில்லை.

வீக்கத்தை மருந்தால் அடக்கு என்றது இன்னொரு தரப்பு. 1990இல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு 8 மணி நேரத்துக்குள் மீத்தைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மிகப் பெரிய அளவில் கொடுத்தால் பயன் உண்டு என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பார்வை நரம்பும் மூளையின் நீட்சிதானே, இதற்கும் அதையே கொடுக்கலாம் என்று உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். முதுகுத்தண்டில் கிடைத்த பாடம் கண்ணுக்கும் பொருந்துமா என்று யாரும் சோதிக்கவில்லை. வேறு உலோகத்துக்கு எழுதிய விதியை எஃகுக்குப் போட்டுப் பார்ப்பதைப் போன்றது இது. அவசரத்தில் நாங்களும் செய்வதுண்டு.

கடைசியில் ஒரு பெரிய ஆய்வு திட்டமிடப்பட்டது. சீட்டுக் குலுக்குவது போல நோயாளிகளைப் பிரித்து மருந்தையும் அறுவையையும் ஒப்பிடுவது நோக்கம். போதுமான நோயாளிகள் கிடைக்கவில்லை. அதனால் 16 நாடுகளின் மருத்துவர்கள் தாங்கள் செய்ததைச் செய்தபடியே பதிவு செய்ய, 1999இல் முடிவு வந்தது. கண் பரிசோதனை அட்டையில் மூன்று வரியாவது கூடுதலாகப் படிக்க முடிந்தவர்கள்: அறுவை செய்தவர்களில் 32 விழுக்காடு, ஸ்டீராய்டு பெற்றவர்களில் 52, ஒன்றுமே செய்யாதவர்களில் 57.

நான் அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். ஒன்றுமே செய்யாத குழுவில் பத்துப் பேர்கூட இல்லை, மோசமான நிலையில் இருந்தவர்களைத்தான் அறுவைக்கு அனுப்பியிருப்பார்கள் என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ‘சும்மா இருப்பதே மேல்’ என்று அந்த எண்கள் நிரூபிக்கவில்லை. மருந்துக்கும் அறுவைக்கும் நாம் கொடுத்துவந்த பெருமையை மட்டும் அவை பறித்துவிட்டன. 2004இல் தலைக்காயம் பட்ட 10,008 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள். பெறாதவர்களில் 17.9. பார்வை போகக் கூடாதே என்று கொடுத்த மருந்து, தலையும் அடிபட்டவனின் உயிரை எடுக்கலாம் என்றானது.

இப்படிச் சிகிச்சைகள் ஒவ்வொன்றாக உதிர, எஞ்சியது கணிப்பு. அது மட்டும் மெல்ல மெல்லக் கூர்மையாகிக்கொண்டே வந்தது. டெல்லி எய்ம்ஸில் மஹாபாத்ராவும் பாட்டியாவும் 1989இல், கண்ணில் ஒளியைப் பாய்ச்சிப் பின்மண்டையில் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனையை ஒரு நரம்பு மட்டும் அடிபட்டவர்களிடம் செய்தார்கள். அலை வந்தவர்களுக்குப் பார்வை திரும்பும் வாய்ப்பு அதிகம். 2004இல் இன்னும் துல்லியமாக, நல்ல கண்ணின் அலையில் பாதி உயரமாவது இருந்தால் முடிவு நல்லதாக இருக்கும் என்று வேறொரு குழு கண்டது. இத்தாலியில் கார்ட்டாவின் குழு 2003இல் நான்கு கெட்ட சகுனங்களைச் சொன்னது: மூக்கின் பின்புற எலும்பறைகளில் இரத்தம், 40 வயதைத் தாண்டியிருப்பது, அடிபட்டபோது நினைவிழந்தது, ஸ்டீராய்டு தொடங்கி 48 மணி நேரமாகியும் முன்னேற்றமில்லாதது. மொத்தம் 23 நோயாளிகள்தான், அதிகம் நம்பிவிட முடியாது. 1991இல் பிறந்த ஓசிடி ஸ்கேன் இன்று விழித்திரையின் அடுக்குகளை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. நரம்பின் முகம் வெளுக்க ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், இரண்டாவது வாரத்திலேயே தாயணுக்களின் அடுக்கு மெலிவது தெரிந்துவிடும். மரணச் செய்தி ஒரு மாதம் முன்னதாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவற்றையெல்லாம் விட வலுவான முன்னறிவிப்பு ஒன்று உண்டு, அதற்கு இயந்திரமே வேண்டாம். முதலில் சோதிக்கும்போது அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் அது. விரல்களை எண்ண முடிகிறவனுக்கு நல்ல வாய்ப்பு. வெளிச்சம் மட்டும் தெரிகிறவனுக்குக் கொஞ்சம். வெளிச்சமே தெரியாதவனுக்கு மிகக் குறைவு. மிகக் குறைவுதான், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சிலருக்கும் திரும்பியிருக்கிறது. டாக்டரின் ‘பொறுத்துப் பார்ப்போம்’ அந்தச் சிலருக்காகச் சொன்னது என்று இப்போது புரிகிறது. அன்று அவர் அதை விளக்கியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் போகவில்லை.

போன தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். விபத்து நடந்து ஆறு வருஷம். அத்தை வழக்கம்போல அந்தப் பேச்சை எடுத்தார். நகையை விற்றாவது அன்றைக்கே தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆறு வருஷமாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் 1999ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னேன். எந்த மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் இதேதான், நீங்கள் எதையும் தவறவிடவில்லை என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒன்னும் செய்யாதவங்கள்ல பாதிப் பேருக்கு மேல வந்திருச்சுன்னு சொல்றியேப்பா. அப்ப எம்புள்ளைக்கு மட்டும் ஏன் வரல?” என்று கேட்டார்.

முதலில் சோதித்தபோதே அவனுக்கு வெளிச்சம் தெரியவில்லை அத்தை, அந்தப் பாதியில் அவன் வந்திருக்க வாய்ப்பு கம்மி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சமையலறையிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டான். எனக்கு ஊற்றும்போது பார்த்தேன். கெட்டிலின் மூக்கால் கோப்பையின் விளிம்பை முதலில் ஒருமுறை லேசாகத் தொட்டு, டிக் என்று சத்தம் வந்த பிறகுதான் சாய்க்கிறான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.